மதனப்பள்ளிக்கு வந்த விருந்தாளி

திருப்பதிக்குச் செல்லும் நம்மவரிற் பலர், மலையேறி வேங்கடவனைத் தரிசித்து, லட்டுப் பிரசாதத்தை மடியில் முடிந்துகொண்டு அவ்வழியே ஊர் திரும்பிவிடுவர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் சித்தூர்ச் சீமையின் மேற்குப் பகுதிக்கு, பாகாலாவில் பிரிந்து தர்மவரம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை வழியே பிரயாணம் செய்தவர் சிலரே. பாறைக்குன்றுகளையும் வேர்க்கடலைக் கொல்லைகளையும் கடந்து, ஹார்ஸ்லி மலைக்கு அணித்தாக, மேட்டு நிலத்துக் குளிர்ந்த காற்றில் அமைந்திருக்கிறது மதனப்பள்ளி. இப்போது தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்றது. அக்காலத்தில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. இவ்வூரில் 1919-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் ஒரு சொற்பொழிவாளருக்குக் கிடைத்த உபசாரத்தை நினைக்குந்தோறும், விருந்தோம்பல் என்பது இலையில் பரிமாறுவதோடு முடிவதன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

வந்தவர் ரவீந்திரநாத தாகூர். நோபல் பரிசு பெற்று ஆறாண்டுகூட ஆகவில்லை. விசுவபாரதிக்கு அடிக்கல் நாட்டிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அக்கலாசாலையின் கொள்கையைத் தென்னாட்டார்க்கு எடுத்துரைக்கும் பொருட்டு, மைசூர் இராஜ்யத்தில் தொடங்கித் தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் பிரசங்கம் செய்து, ரயிலும் மேடையும் மாலையுமாய் நாட்களைக் கழித்துக் களைத்துப் போயிருந்தார். ஐம்பத்தேழு வயதில், தமக்கு அந்நியமான மொழிகளின் நடுவே, ஊருக்கு ஊர் புது முகங்களைக் கண்டு ஆங்கிலத்தில் பேசிச் செல்வது எளிய காரியமன்று. கடல் கடந்து போகாவிடினும், வங்கக் கவிஞருக்கு நம் தென்னாடு ஒருவகையில் பரதேசமே.

அவரை வரவேற்றவர்களோ மெய்யாகவே பரதேசத்தார். பெல்பாஸ்டில் பிறந்த ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கஸின்ஸ், 1915-ல் மனைவியாருடன் இந்தியா வந்து, அன்னி பெஸன்ட் அம்மையார் மதனப்பள்ளியில் நிறுவிய பிரம்மஞானக் கல்லூரியின் தலைமையை ஏற்றிருந்தார். மனைவியார் மார்கரெட், அயர்லாந்தில் சங்கீதம் பயின்று பட்டம் பெற்றவர். இந்திய மாதர் சங்கத்தை 1917-ல் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அந்நிய மண்ணில் காலூன்றும் அனுபவத்தைத் தாமே பெற்றிருந்த இத்தம்பதிகள், வந்த அதிதிக்கு வேண்டுவது இன்னொரு மேடையன்று, விச்ராந்தியே என்பதை உணர்ந்திருந்தனர் என்றே நான் கருதுகிறேன். பிப்ரவரி 25 முதல் ஏறக்குறைய ஒரு வாரம் கவிஞர் அங்கே தங்கினார்.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியூர்ப் பேச்சாளரை நாம் நிலையத்தில் எதிர்கொள்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், வயிறார உணவிடுகிறோம், பேசி முடித்ததும் வண்டிக்கு நேரமாயிற்றென்று அனுப்பிவைக்கிறோம். அன்பில் குறைவில்லை. ஆயினும் அவர் சற்றே வாளாவிருக்கவும், நம் பிள்ளைகளின் பாட்டைக் கேட்கவும், தம் மனம் விரும்பியதைத் தாமாக எடுத்துச் சொல்லவும் ஓர் அந்திப்பொழுதை அவருக்கென்று ஒதுக்குகிறோமா?

மதனப்பள்ளியில் அத்தகைய பொழுது ஒன்று இருந்தது. ஆசிரியரும் மாணாக்கரும் கூடிப் பாடிக் களிக்கும் மாலைக் கூட்டம் அக்கல்லூரியின் வழக்கம். அதில் ஒருவராக வந்தமர்ந்த தாகூர், தாமும் ஒரு பாட்டுப் பாடலாமா என்று தாமே கேட்டார். பாடியது ‘ஜன கண மன’. 1911 டிசம்பர் 27-ல் கல்கத்தா காங்கிரஸில் முதன்முதல் ஒலித்த அப்பாடல், அந்நாளில் தென்னாட்டார் பெரும்பாலோர் அறியாதது. அப்பெரிய உருவத்திலிருந்து எழுந்த மெல்லிய குரல், மலைகளையும் நதிகளையும் மாகாணங்களையும் பெயர் சொல்லி அழைத்துச் சென்று, ஈற்றிலே ஜயகோஷமாக உயர்ந்தபோது, வங்கமொழி அறியாத அப்பிள்ளைகள் முதலில் செவி சாய்த்தனர். பிறகு மீண்டும் மீண்டும் பாடச் சொல்லித் தாமும் உடன் சேர்ந்து பாடினர். தம் பாட்டைத் திரும்பக் கேட்கும் செவிகளைவிடக் கவிஞனுக்கு வேறென்ன உபசாரம் வேண்டும்?

அடுத்து நடந்ததே எனக்கு மிகவும் பிரியமானது. பிறர் கைதட்டி விட்டிருக்கக்கூடிய இடத்தில், மார்கரெட் அம்மையார் காகிதமும் பேனாவும் எடுத்தார். கவிஞர் பாடப் பாட, ஒவ்வோர் அடியையும் சரிபார்த்து மேனாட்டு ஸ்வரக் குறிப்பில் எழுதிக்கொண்டார். கவிஞரும் அங்கிருந்தபடியே அப்பாடலை ஆங்கிலமாக்கி, இந்தியாவின் காலைப் பாட்டு என்ற பொருள்படத் தலைப்பிட்டு, 1919 பிப்ரவரி 28 என்று தேதியிட்டுத் தம் கையெழுத்தில் அளித்தார். கல்லூரியில் அது பிரார்த்தனைப் பாடலாயிற்று. தென்னாட்டுச் சாந்திநிகேதனம் என்று அவ்விடத்தைத் தாகூர் அழைத்ததாக அவ்வூரார் பெருமையுடன் சொல்லுவர்.

அவர் விடைபெற்று ஆறு வாரத்துக்குள் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. அதைக் கண்டித்து, மே இறுதியில் ‘ஸர்’ பட்டத்தைத் துறந்தார். அந்தக் கடும் வேனிலுக்கு முன் வாய்த்த அமைதியான வாரம் அது.

1950 ஜனவரி 24-ல் அரசியல் நிர்ணய சபை, அப்பாடலின் முதற்பகுதியைத் தேசிய கீதமாக ஏற்றது. அதைக் குறிப்பெடுத்த மார்கரெட் அம்மையார், பக்கவாதத்தால் தாக்குண்டு ஆண்டுகள் பல கடந்த நிலையில், அந்நாளில் உயிரோடிருந்தார். 1954-ல் அடையாற்றில் காலமானார். அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்கு விருந்தாளியாக வந்த ஜேம்ஸ் கஸின்ஸ், 1956-ல் கண்மூடியது மதனப்பள்ளியிலேதான்.