கணக்கில் வராத பெண்கள்

2022-ல் இந்தியாவில் ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் காட்டும் எண்ணிக்கை 6,036. பாலியல் தொழில், கொத்தடிமை வேலை எல்லாம் சேர்ந்த கணக்கு இது. சுமார் 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் இவ்வளவுதானா?

இல்லை. இந்த எண் காட்டுவது கடத்தலின் அளவை அல்ல, போலீஸ் கண்டுபிடித்த அளவை. ரெய்டு நடந்தால் ஏறும், நடக்காவிட்டால் இறங்கும். 1996 பிப்ரவரியில் மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதிகளில் போலீஸ் புகுந்தபோது 400-க்கும் அதிகமான பெண்கள் மீட்கப்பட்டார்கள். பலர் நேபாளத்துச் சிறுமிகள். ரெய்டுக்கு முந்தைய தினமும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

வேலை, கல்யாணம் என்று ஆசை காட்டி அழைத்துப் போகப்பட்ட பெண்ணைப் பற்றி வீட்டார் மானத்துக்கு அஞ்சிப் புகார் தருவதில்லை. தன்னை வாங்கக் கொடுத்த விலையை அவளே தன் கடன் என்று நம்ப வைக்கப்படுகிறாள். ‘கடத்தி வந்தார்களா?’ என்றால் ‘இல்லை’ என்பாள். அதனால் ஆய்வாளர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: சம்பாதிப்பது யார் கையில்? தனியாக வெளியே போக முடியுமா? போகிறேன் என்றால் என்ன நடக்கும்?

மறைந்திருப்பவர்களை எண்ண, குளத்து மீனை எண்ணும் உத்தியும் இருக்கிறது. 100 மீன்களுக்கு அடையாளமிட்டு விடுகிறார்கள். மறுபடி பிடிக்கும் 100-ல் 10 அடையாள மீன் இருந்தால் குளத்தில் சுமார் 1,000. மீனுக்குப் பதில் இங்கே போலீஸ், தொண்டு நிறுவனங்கள் வைத்திருக்கும் பட்டியல்கள். இரண்டிலும் வரும் பெயர்கள் குறைவு என்றால் வெளியே இருப்பவர்கள் அதிகம். 2013-ல் பிரிட்டனில் நவீன அடிமைத்தனத்துக்கு ஆளானவர்களாகத் தெரியவந்தவர்கள் 2,744 பேர். புள்ளியியலாளர் பெர்னார்ட் சில்வர்மேன் இம்முறையில் மதிப்பிட்டதோ 10,000 முதல் 13,000 வரை.

இந்தியாவில் ஒரு சிக்கல். போலீஸ் மீட்கும் பெண்ணே தொண்டு நிறுவனக் காப்பகத்துக்கும் போகிறாள். ஒரே பெயர் இரண்டு பட்டியலிலும் ஏறுவதால் மறைந்திருப்பவர்களின் எண்ணிக்கை குறைவாகவே தெரியும். மறுபக்கம், பாலியல் தொழிலில் இருக்கும் எல்லோரையும் கடத்தப்பட்டவர்கள் என்று எண்ணுவதும் தவறு. சுயவிருப்பத்தோடு இத்தொழிலில் இருக்கும் வயது வந்த பெண்களும் உண்டு. பாலியல் தொழிலாளர்களைப் போலீஸ் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சரியான எண் இல்லாமல் காப்பகங்களுக்கு எத்தனை படுக்கை தேவை என்றுகூடத் திட்டமிட முடியாது. அடுத்த அறிக்கையில் எண் குறைந்தால் குறைந்தது கடத்தலா, ரெய்டா? போலீஸ் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது.