உங்களுக்குத் தெரியுமா? கார் பந்தயத்தில் ஜெயிக்கப்போவது யார்?

ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முந்தின நாளே “இவர்தான்” என்று அடித்துச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: ஒன்று அணியின் ஃபார்ம், இன்னொன்று புக்கிகள் வைக்கும் ரேட். இரண்டும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

● ‘ஒன்றுக்கு நாலு’ என்ற ரேட்டுக்குள் ஒரு சதவீதக் கணக்கு இருக்கிறது. 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் லாபம் 400, கட்டிய 100 ரூபாயும் திரும்பி வரும். ஆகக் கையில் 500. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீத வாய்ப்பு. ‘ஒன்றுக்கு ஒன்பது’ என்றால் வாய்ப்பு 10 சதவீதம்தான்.

● எல்லா ஓட்டுநர்களின் சதவீதத்தையும் கூட்டிப் பாருங்கள், 100-ஐத் தாண்டும். கூட்டுத்தொகை 115 என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக நிற்கும் 15-இல்தான் புக்கியின் பிழைப்பு ஓடுகிறது. 115-ஐ 100 ஆக்கிக் கணக்குப் போட்டால் 20 சதவீதமாகத் தெரிந்தவரின் வாய்ப்பு 17 சொச்சமாக இறங்கிவிடும். ரேட் என்பது ஜோசியம் இல்லை, கடைக்காரர் வைத்த விலை.

● குதிரைப் பந்தயத்தைப் பாருங்கள்: ஜெயிக்கவே வாய்ப்பில்லாத குதிரை மேல் மக்கள் அளவுக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள், ஜெயிக்கக்கூடிய குதிரையைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அமெரிக்கப் பந்தயங்களை ஆராய்ந்து கிரிஃபித் என்ற உளவியலாளர் 1949-இல் எழுதியது இது. ‘அடித்தால் லட்சம்’ என்ற லாட்டரி ஆசைதான் காரணம் என்பார்கள்.

● ஃபார்முக்கு இந்த விளையாட்டில் மதிப்பு அதிகம். ஓட்டுநரின் திறமை போகக் காரின் வேகமும் சேர்வதால், ஜெயிக்கிற அணியே திரும்பத் திரும்ப ஜெயிக்கும். 2023-இல் நடந்த 22 பந்தயங்களில் ரெட் புல் 21-ஐ அள்ளியது. தப்பியது சிங்கப்பூர் ஒன்றுதான். தொடர்ந்து 10 பந்தயங்களை ஜெயித்துவிட்டு வந்த ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன் அங்கே தகுதிச் சுற்றில் 11-ஆம் இடம், பந்தயத்தில் 5-ஆம் இடம். கோப்பை ஃபெராரியின் கார்லோஸ் சாயின்ஸுக்குப் போனது.

● அம்மை போட்டதால் ஒரு சாதனை தவறியது தெரியுமா? 1988-இல் மெக்லாரன் அணி 16 பந்தயங்களில் 15-ஐ ஜெயித்தது. மீதி ஒன்று இத்தாலியின் மோன்சா. வில்லியம்ஸ் அணியின் நைஜல் மான்செலுக்கு அம்மை கண்டிருந்ததால், அவர் காரை ஜான்-லூயி ஷ்லெஸ்ஸர் ஓட்டினார். இன்னும் இரண்டே சுற்று, முன்னணியில் மெக்லாரனின் அயர்டன் சென்னா. பின்தங்கி ஓடிய ஷ்லெஸ்ஸரைத் தாண்டப் போனவர் அவர் காரில் மோதி நின்றுபோனார். முதல் இரண்டு இடமும் ஃபெராரிக்கு. அதன் நிறுவனர் என்ஸோ ஃபெராரி இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

● விதி மாறும் ஆண்டில் பழைய ஃபார்மை நம்பக் கூடாது. 2008-இல் தடுமாறிய ஹோண்டா, அணியைக் கைவிட்டது. ராஸ் பிரான் அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். 2009-இல் புதிய விதிகள் வந்தன. அவர் அணியின் ஜென்சன் பட்டன் முதல் 7 பந்தயங்களில் 6-ஐ வென்றார். அதற்குப் பிறகு அந்த ஆண்டில் ஒன்றைக்கூட வெல்லவில்லை! ஆனாலும் முதலில் சேர்த்த புள்ளிகள் கைகொடுக்க, சாம்பியன் அவர்தான்.

● சில தடங்களில் சனிக்கிழமை தகுதிச் சுற்றிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். மொனாக்கோவின் குறுகலான தெருக்களில் முந்துவது குதிரைக்கொம்பு. 2018-இல் அங்கே முன்னணியில் ஓடிய டேனியல் ரிக்கியார்டோவின் காரில் பாதியிலேயே பவர் குறைந்துவிட்டது. அப்படியும் யாராலும் முந்த முடியவில்லை. ஆனால் மழை வந்தால் கணக்கே வேறு. 1996-இல் அதே தெருக்களில் 14-ஆவதாகக் கிளம்பிய ஒலிவியே பானிஸ் ஜெயித்தார். எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தவை மொத்தம் 3 கார்கள்.

● 1998-இல் இங்கிலாந்தில் ஒருவர், கார்ட் ஓட்டிக்கொண்டிருந்த 13 வயதுப் பையன் மேல் 200 பவுண்டு கட்டினார். 23 வயதுக்குள் ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றை வெல்வான் என்பது பந்தயம், ரேட் ஒன்றுக்கு 200. பையன் பெயர் லூயிஸ் ஹாமில்டன். 2007-இல் கனடாவில் ஜெயித்தார், பணம் கட்டியவருக்கு 40,000 பவுண்டு! வேறு பையன்கள் மேல் கட்டித் தோற்றவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் கதை செய்தியாவதில்லை.

● பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025-இல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. உங்கள் கணிப்பு நண்பர்களோடு ஒரு டீ, வடைப் பந்தயமாகவே இருக்கட்டும்.

● கடைசியாக ஒன்று. 2005, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சாய்வாகக் கட்டப்பட்ட கடைசி வளைவில் மிஷலின் டயர் பழுதாகி ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. டயர் தாங்காது என்று அந்த நிறுவனமே கைவிரித்தது. ஞாயிற்றுக்கிழமை 20 கார்களும் தடத்தைச் சுற்றி வந்தன. ஆனால் பந்தயம் தொடங்குமுன் மிஷலின் போட்ட 14 கார்களும் வரிசையாக பிட்டுக்குள் திரும்பிவிட்டன. ஓடியவை பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும். அவற்றில் ஒன்று ஜோர்டான் அணியின் கார், ஓட்டியவர் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். அந்த ஆண்டு அதுவரை ஜோர்டானுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஃபார்மை மட்டும் பார்த்தவர் யாரும் அவர் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார். அவர் நாலாவதாக வந்து 5 புள்ளி வாங்கினார். ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகளும் அந்த 5-தான்.