அத்தை பக்கம் பச்சை, என் பக்கம் பழுப்பு!

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம்தான். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை உண்டு. பச்சை மிளகாய் விலை ஏறும் போதெல்லாம், 'நாமே நாலு செடி வைத்தால் என்ன?' என்று தோன்றும். போன தை மாதம் துணிந்து 20 நாற்று வாங்கி, ஒன்றரை அடி இடைவெளி விட்டு இரண்டு வரிசையாக நட்டேன். தோட்டம் போடுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

நாற்பது நாள் கழித்துப் பார்த்தால், சமையலறை பக்கத்து வரிசை முழங்கால் உயரம் வளர்ந்து பூ விட்டிருந்தது. மதில் பக்கத்து வரிசையோ ஒரு சாணைத் தாண்டவில்லை. இலை ஓரமெல்லாம் தீய்ந்து பழுப்பாகி, வைத்த பூவும் உதிர்ந்தது. ஒரே நாற்று, ஒரே மண், ஒரே வெயில்!

சமையலறை பக்கம் தண்ணீர் ஊற்றுவது என் மாமியார். மதில் பக்கம் நான். அத்தை கிராமத்தில் வளர்ந்தவர். 'எனக்குத் தெரியாமல் ஏதோ உரம் போடுகிறார்' என்று மனசுக்குள் பொருமினேன். போட்டிக்கு நானும் யூரியா வாங்கிப் போட்டேன். மூன்று செடி வாடிச் செத்தே போச்சு. அந்த ஆத்திரத்தில் அத்தையிடம் வெடுக்கென்று பேசியும் விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஏம்மா, அந்த போர் தண்ணியில காப்பி போட்டா நீ குடிப்பியா? செடி மட்டும் எப்படிக் குடிக்கும்?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அத்தை ஊற்றியது மெட்ரோ தண்ணீரில் அரிசி, காய் கழுவியது. நான் பிடித்தது போர் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு என் செடிகளின் அடியிலும் பூத்திருந்தது. யூரியாவும் அதிகமானால் உப்பைப் போலவே வேரை வாட்டுமாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியிருக்கிறேன்!

கடலோரத்தில் நிலத்தடி நீரை அதிகம் இறைத்தால் கடல் தண்ணீர் உள்ளே வந்து விடும். நமக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் 1960-களின் கடைசியிலேயே இப்படி ஆகிவிட்டது. மிளகாயோ உப்பைத் தாங்காத செடி.

உரத்தை நிறுத்தினேன். நல்ல தண்ணீரை மூன்று நாள் தாராளமாக ஊற்றி, உப்பை வேருக்குக் கீழே இறக்கினேன். மக்கிய சாணி போட்டு, மண் காயாமல் மேலே காய்ந்த சருகு பரப்பினேன். மீதி ஏழில் ஐந்து செடி துளிர்த்தது. தீய்ந்த இலை திரும்பாது, புது இலையைத்தான் பார்க்க வேண்டும்.

தோழிகளுக்குச் சில குறிப்புகள்:

* வரிசையாகக் குன்றினால் தண்ணீரையும் மண்ணையும் பாருங்கள். அங்கொன்று இங்கொன்றாகக் குன்றி இலை சுருண்டால் பூச்சியைப் பாருங்கள். மேல் நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ் நோக்கிச் சுருண்டால் சிலந்திப் பூச்சி.

* மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் கொடுத்துப் பார்க்கலாம். மண் சீட்டில் 'இ.சி.' என்ற எண் குறைவாக இருந்தால் மிளகாய்க்கு நல்லது.

* மீன் அலசிய தண்ணீர் ஊற்றலாம். கல் உப்பு போட்டுக் கழுவியது வேண்டவே வேண்டாம்.

* போர் தண்ணீர்தான் கதி என்றால் பருப்புக்கீரை போடுங்கள், உப்பைத் தாங்கும்.

ஐப்பசி மழையைப் பிடிக்க ஒரு டிரம் வாங்கி வைத்திருக்கிறேன். அத்தையிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். "முதல்லயே கேட்டிருந்தா மூணு செடி பிழைச்சிருக்குமே" என்றார். உண்மைதானே!

- ஒரு வாசகி, திருவொற்றியூர்.