படம் போட்டால் வேலை நடக்கும்!

கம்ப்யூட்டருக்குக் கோடு போட்டுக் கட்டளையிடும் விந்தை

ஒருவர் பாங்கியில் கடன் கேட்டு மனு கொடுக்கிறார்.

அந்த மனு எங்கெல்லாம் போகிறது? முதலில் குமாஸ்தாவின் மேஜைக்கு. பிறகு கணக்கரின் மேஜைக்கு. தொகை பெரிது என்றால் மானேஜரின் அறைக்கு. எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம்.

இந்த வழி முழுவதும் குமாஸ்தாவுக்கு மனப்பாடம். ஆனால், அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல அவருக்குத் தெரியாது.

கம்ப்யூட்டரின் பாஷை தெரிந்தவர் புரோகிராமர். அவருக்கோ பாங்கி வேலை தெரியாது!

குமாஸ்தா சொல்லச் சொல்ல, புரோகிராமர் எழுதுகிறார். சொன்னது ஒன்று, எழுதியது வேறொன்று என்று ஆகிவிட்டால்? மானேஜர் பார்க்காமலேயே பெருந்தொகை வெளியே போய்விடும். அல்லது, ஓர் ஏழையின் மனு எங்கேயோ முடங்கிக் கிடக்கும்.

இந்தத் தொல்லைக்கு ஒரு வழி கண்டார்கள். வேலை தெரிந்தவரே படம் போடட்டும். கம்ப்யூட்டர் அந்தப் படத்தின்படி நடக்கட்டும்!

படம் போட உதவும் புரோகிராமுக்கு "ஒர்க்புளோ டிசைனர்" என்று பெயர்.

கொத்தனார் கண்ட வழி

வேலையைப் படமாகப் போடும் வழக்கம் கம்ப்யூட்டருக்கு முந்தியது.

அமெரிக்காவைச் சேர்ந்த பிராங்க் கில்பிரெத், 17 வயதில் கொத்து வேலைக்குப் போனார். ஒரு செங்கல்லை வைக்கக் கொத்தனார்கள் 18 அசைவுகள் செய்வதைக் கவனித்தார். நாளடைவில் அதை 5 ஆகக் குறைத்துக் காட்டினார்.

அவருடைய மனைவி லில்லியன், மனோதத்துவம் படித்தவர். 12 பிள்ளைகளைப் பெற்ற இந்தத் தம்பதிகள், 1921-ம் ஆண்டில் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தில் ஒரு புதிய முறையை விளக்கினார்கள். ஒரு வேலையின் ஒவ்வொரு படியையும் சிறு சிறு அடையாளங்களால் வரைந்து காட்டும் முறை அது.

ஆனால், அது காகிதப் படம். பார்க்கலாம், படிக்கலாம். அது தானாக வேலை செய்யாது.

ஒளிப் பேனா

1963-ம் ஆண்டில் ஐவான் சதர்லாந்து என்ற மாணவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார். அப்போது அவருக்கு வயது 24. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் ஓர் ஒளிப் பேனாவைக் கொண்டு கம்ப்யூட்டர் திரையிலேயே கோடு போட்டார்! "ஸ்கெட்ச்பாட்" என்பது அந்தப் புரோகிராமின் பெயர். ஒரு மூலையை நகர்த்தினால், அதோடு சேர்ந்த கோடுகளும் கூடவே நகர்ந்தன. எந்தக் கோடு எதனுடன் சேர்ந்தது என்பதைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருந்ததே காரணம்.

1986-ல் "லாப்வியூ" என்ற புரோகிராம் வந்தது. அளவு பார்க்கும் கருவிகளை இயக்குவதற்காக ஏற்பட்டது அது. அதில் கட்டங்களை வரைந்து கம்பி போல் கோடுகளால் இணைத்தால் போதும். அந்தப் படமே புரோகிராம்!

உள்ளே நடப்பது என்ன?

திரையின் இடது பக்கத்தில் கட்டங்கள் வரிசையாக இருக்கும். வேண்டியதை மவுஸால் இழுத்து நடுவே உள்ள பலகையில் வைக்க வேண்டும். பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோடு இழுக்க வேண்டும். வலது பக்கத்தில் அந்தக் கட்டத்தின் விவரங்களை எழுதலாம்.

கண்ணுக்குத் தெரிவது படம். கம்ப்யூட்டர் வைத்திருப்பதோ இரண்டு பட்டியல்கள்தான். ஒன்று, கட்டங்களின் பட்டியல். மற்றொன்று, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குக் கோடு என்ற பட்டியல். வேலை நடக்கும்போது, இந்தப் பட்டியலைப் பார்த்தே அடுத்த படிக்குப் போகிறது.

மானேஜர் மூன்று நாள் விடுமுறையில் போய்விட்டால்? மனு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் குறித்து வைக்கும்படி புரோகிராமை அமைக்கிறார்கள். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் போனாலும், விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

சொந்தப் பலகை எதற்கு?

கடையில் வாங்கும் டிசைனர் எல்லோருக்கும் பொதுவானது. அதிலுள்ள கட்டங்களில் புரோகிராமர்களின் சொற்களே நிறைய இருக்கும். குமாஸ்தாவுக்கு அவை புரியாது. "கடன் மனு", "ஜாமீன்", "மானேஜர் கையெழுத்து" என்று எழுதியிருந்தால் உடனே புரியும். அதனால்தான் ஒவ்வொரு தொழிலுக்கும் ஏற்றபடி தனி டிசைனர் செய்கிறார்கள்.

மைக்ரோசாப்ட் கம்பெனி 2006-ல் "ஒர்க்புளோ பவுண்டேஷன்" என்ற சாதனத்தை வெளியிட்டது. 2010-ல் வந்த பதிப்பில், படம் போடும் பலகையைப் புரோகிராமர்கள் தங்கள் சொந்தப் புரோகிராமுக்குள் பொருத்துவது சுலபமாயிற்று. ஆனால், பின்னர் வந்த "டாட் நெட் கோர்" வரிசையில் அந்தச் சாதனத்தை மைக்ரோசாப்ட் சேர்க்கவில்லை. அதை நம்பியிருந்தவர்கள் புதிய வரிசைக்கு மாற வேறு வழி தேட வேண்டியதாயிற்று. இரவல் பலகையில் உள்ள ஆபத்து இதுதான்.

விடுபட்ட கோடு

கட்டம் வரையச் செய்வது பெரிய வித்தை அல்ல. தப்பைக் கண்டுபிடிக்கச் செய்வதுதான் பெரிய வேலை.

"தொகை 5 லட்சத்துக்கு மேலா?" என்று ஒரு கேள்விக் கட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "ஆம்" என்றால் மானேஜருக்குக் கோடு போகிறது. "இல்லை" என்ற பக்கம் கோடே இல்லை! சிறு தொகை கேட்ட ஏழையின் மனு அங்கேயே நின்றுவிடும்.

நல்ல டிசைனர் இதை முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்தக் கட்டத்தைச் சிவப்பாகக் காட்டும். யாரும் வந்து சேர முடியாத கட்டத்தையும், வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வரும் கோட்டையும் காட்டிக் கொடுக்கும்.

சிவப்பைப் பார்த்த குமாஸ்தா, விடுபட்ட கோட்டைத் தம் கையாலேயே போடுகிறார். புரோகிராமரைத் தேடி ஓடவில்லை. பாஷை தெரியவில்லையே என்று தயங்கவும் இல்லை.

ஏழையின் மனு மறுபடியும் நகருகிறது!