கரண்டை நிறுத்தும் காவல்காரன்!

வேலூர் என்றதும் கோட்டை இருக்கும் வேலூரை நினைத்துவிட வேண்டாம். இது பரமத்தி வேலூர். நாமக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே, காவிரிக் கரையில் இருக்கிறது. வெற்றிலைக்கும் வாழைக்கும் பெயர் போன ஊர்.

கொடிக்காலுக்குத் தண்ணீர் தவறக் கூடாது. கோடை வெயிலில் தவறினால் கொடி வாடிவிடும். கிணற்று மோட்டார் ஓட வேண்டும். அதற்குக் கரண்டு வேண்டும். அந்தக் கரண்டு திடீரென்று நின்றால்? "எவன் நிறுத்தினான்?" என்பதுதான் முதல் கேள்வி.

சில சமயம், நிறுத்தியவன் மனிதனே அல்ல. ஒரு சிறு இரும்புப் பெட்டி!

எண்ணெய்க்குள் நோய்

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. 1937-ல் அங்கே மின்சாரம் பிறந்தது. மின்சாரம் நெடுந்தூரம் போக வேண்டுமானால் அதிக வோல்ட்டில் போக வேண்டும். இல்லாவிட்டால் கம்பி சூடாகி, வழியிலேயே வீணாகும். ஆகவே 1,10,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தைத் துணை மின்நிலையத்தில் உள்ள பெரிய டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டாகக் குறைக்கிறது. ஊர்க்கோடியில் உள்ள சின்ன டிரான்ஸ்பார்மர் மேலும் குறைத்து மோட்டாருக்குக் கொடுக்கிறது.

பெரிய டிரான்ஸ்பார்மருக்குள் என்ன இருக்கிறது? இரும்புத் தகடுகளைச் சுற்றிச் செம்புக் கம்பி. கம்பிக்குக் காகித உறை. எல்லாம் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். எண்ணெய் சூட்டை வாங்கி வெளியே விடும். மின்சாரம் தாவாமலும் தடுக்கும்.

காகிதம் எங்கேயாவது நைந்தால் அங்கே பொறி பறக்கும். எண்ணெய் வெந்து வாயு உண்டாகும். வெளியே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது!

இரண்டு மிதவைகள்

இதைக் கண்டுகொள்ள வழி செய்தவர் மாக்ஸ் புக்கோல்ஸ் என்ற ஜெர்மானியர். ஆண்டு 1921.

டிரான்ஸ்பார்மரின் தலையில் உருளை வடிவில் ஒரு சிறு தொட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டில் விரியும் எண்ணெய்க்கு அது இடம். அதற்குப் போகும் குழாயின் நடுவே புக்கோல்ஸ் ஒரு பெட்டியை வைத்தார். பெட்டிக்குள் இரண்டு மிதவைகள். வாயு குமிழி குமிழியாக வந்து பெட்டியில் தங்கும். எண்ணெய் மட்டம் தாழும். மேல் மிதவை இறங்கும். மணி அடிக்கும்!

பெரிய கோளாறானால் எண்ணெய் குபீரென்று பாயும். அந்த வேகம் கீழ் மிதவையைச் சாய்க்கும். மணி அடித்து ஆளைக் கூப்பிட நேரமேது? உடனே பிரேக்கர் விழுந்து கரண்டு நின்றுவிடும். ஆபரேட்டர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். எண்ணெய் ஒழுகி மிகவும் குறைந்தாலும் இதே கதைதான்.

வேறு காவல்களும் உண்டு. சூடு எல்லை தாண்டினால் நிறுத்தும் மானிகள் இருக்கின்றன. உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டுக் கணக்குப் பார்க்கும் ரிலேயும் இருக்கிறது. கணக்கு உதைத்தால் அது சும்மா இராது. நம் வீட்டு வரவு செலவில் இத்தனை கண்டிப்பு இல்லை!

மறுபடி போடலாமா?

இங்கேதான் சோதனை. டெலிபோன் மேல் டெலிபோன் வரும். "கொடிக்கால் காயுதுங்க, சீக்கிரம் கரண்டு விடுங்க" என்பார்கள். அவர்கள் தவிப்பு நியாயமானதுதான். ஆனாலும் ஆபரேட்டர் அவசரப்படக் கூடாது. பெட்டியில் சேர்ந்த வாயுவை எடுத்துச் சோதிக்க வேண்டும். எரிகிற வாயுவானால் உள்ளே கோளாறு. வெறும் காற்றானால் எண்ணெய் நிரப்பும்போது தங்கியதாக இருக்கலாம்.

பார்க்காமல் மறுபடி போட்டால், பழுது பார்த்திருக்கக் கூடிய டிரான்ஸ்பார்மர் தீப்பற்றலாம். ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் சமாளிக்கலாம். புது டிரான்ஸ்பார்மர் வரும்வரை கொடிக்கால் காத்திருக்குமா?

ஊர்க்கோடிச் சின்ன டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பெட்டி கிடையாது. அதற்குக் காவல் பியூஸ் கம்பிதான். அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் அது உருகி அறுந்துவிடும். அடிக்கடி போகிறதே என்று சிலர் தடித்த கம்பியை முறுக்கிக் கட்டுகிறார்கள். பிறகு பியூஸ் உருகாது, டிரான்ஸ்பார்மர் வேகும்! சிலர் தாங்களே கம்பத்தில் ஏறவும் துணிகிறார்கள். 11,000 வோல்ட்டைத் தொட வேண்டியதில்லை. நெருங்கினாலே உயிர் போகும்.

பியூஸ் ஓயாமல் போனால், டிரான்ஸ்பார்மர் தாங்குவதற்கு மேல் மோட்டார்கள் ஓடுகின்றன என்றே பெரும்பாலும் பொருள். மின்வாரிய அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்கலாம்.