சார்ஜர் ஒயரும் கோழி முட்டையும்: அக்போக்புளோஷியின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு கோழி முட்டையில இருந்து ஆரம்பிக்கலாம்.

கானா நாட்டோட தலைநகர் ஆக்ரா. அங்க அக்போக்புளோஷின்னு ஒரு பெரிய காயலாங்கடை ஏரியா. அந்த இடத்துல மேய்ஞ்ச கோழிகளோட முட்டையைச் சோதிச்ச ஒரு ஆய்வு 2019-ல வெளிவந்தது. ஒரே ஒரு முட்டையைச் சாப்பிட்டா போதும், குளோரின் கலந்த டையாக்ஸின் உடம்புக்குள்ள போற அளவு, ஒரு நாளைக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைச்ச வரம்பைவிட 220 மடங்கு!

முட்டைக்குள்ள இது எப்படிப் போச்சு? உங்க சார்ஜர் ஒயரை எடுத்துக்கோங்க. உள்ளே செம்பு, மேலே பெரும்பாலும் பிவிசி. பிவிசில குளோரின் இருக்கு. திறந்தவெளியில குறைஞ்ச வெப்பத்துல எரிக்கும்போது அதுல இருந்து டையாக்ஸின் உருவாகுது. செம்பே அந்த வேதிவினையை வேகப்படுத்துது. புகைக்கரி மண்ணுல படியுது, கோழி மண்ணைக் கொத்துது. டையாக்ஸின் கொழுப்புல தங்குற விஷம்; அதனால மஞ்சள் கருவுல சேர்ந்துடுது.

ஒயரை எரிக்கிறவங்க யாரு? பெரும்பாலும் வேலை தேடி கானாவோட வடக்குப் பகுதியில இருந்து வந்த இளைஞர்கள். புகை கெடுதல்னு அவங்களுக்குத் தெரியாம இல்ல. ஆனா கையால உரிச்சா மணிக்கணக்கு ஆகும், எரிச்சா சில நிமிஷம். செம்பை எடை போட்டா அன்னைக்கே காசு. உரிக்கிறதுக்கு 2014-ல மெஷின்கூட வைச்சுப் பார்த்தாங்க. ஆனா எரிக்கிறது நிக்கல.

2021 ஜூலையில அரசாங்கம் புல்டோசர் விட்டு அந்த இடத்தையே காலி பண்ணுச்சு. பிரச்சினை தீர்ந்துச்சா? இல்ல. பிழைப்பு அப்படியேதான் இருந்துச்சு. எரிக்கிறது மட்டும் பக்கத்து இடங்களுக்கு நகர்ந்துச்சு.

சரி, இந்தக் குப்பை அங்க எப்படி வந்துச்சு? அபாயக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புறதைக் கட்டுப்படுத்த 1989-லயே பாசல் ஒப்பந்தம் வந்தாச்சு. ஓட்டை எங்க இருக்குன்னா, 'செகண்ட் ஹேண்ட்'ங்கிற லேபிள்ல. 2009-ல கானாவுக்கு வந்த மின்சார, மின்னணுப் பொருள்கள்ல சுமார் 70 சதவீதம் பழசுதான். அந்தப் பழசுல கிட்டத்தட்ட 30 சதவீதம் வேலை செய்யாதது. அதுல பாதியை அங்க இருக்கிற மெக்கானிக்குகள் சரி பண்ணி வித்துட்டாங்க.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். பழைய லேப்டாப் அங்க ஒரு மாணவனுக்கு முதல் கம்ப்யூட்டரா இருக்கலாம். அதனால 'எதையும் அனுப்பாதே'ன்னு ஒரே அடியா தடை போடுறதும் சரியான தீர்வு இல்ல. 2025 ஜனவரி 1-ல இருந்து, அபாயம் இல்லாததுன்னு சொல்லப்படுற மின்னணுக் கழிவுக்கும் வாங்குற நாட்டோட முன்அனுமதி வேணும். நல்ல மாற்றம்தான். ஆனா எது கழிவு, எது பழைய பொருள்னு துறைமுகத்துல பிரிச்சுப் பார்க்குற ஆள் வேணுமே!

கடைசியா, கோட் எழுதுற ஆளா ஒரு விஷயம் சொல்லணும். 2025 அக்டோபர் 14-ல விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சது. நல்லா ஓடிட்டிருந்த எத்தனையோ கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 11 ஏறாது. அந்த ஹார்டுவேர்ல எந்தப் பழுதும் இல்ல. 'பழைய டிவைஸுக்கு சப்போர்ட்டை நிறுத்திடலாம்'னு நாங்க ஏசி ரூம்ல மீட்டிங் போட்டு முடிவு பண்றோம். அதோட மறுமுனையில யாரோ ஒருத்தர் ஒயரை எரிச்சுக்கிட்டு நிக்கிறார்.

அடுத்த போன் வாங்குறதுக்கு முன்னாடி, அதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் தர்றாங்கன்னு பாருங்க. இருக்கிற போன்ல பேட்டரி மட்டும் மாத்தினா போதுமான்னும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!