மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: ஏன்?

பிரிட்டனில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய கேரவன்கள் பலவற்றில் தண்ணீர்த் தொட்டி வண்டிக்கு வெளியே தரையில் கிடக்கும். அதற்குள் முங்கியிருப்பது 12 வோல்ட் குட்டிப் பம்பு. குழாயைத் திறந்தால் மோட்டார் சத்தம் கேட்கிறது, சொட்டுத் தண்ணீர் இல்லை. எப்படி?

முதல் சந்தேகம் காற்றின்மேல். பம்பின் விசிறி தண்ணீரைச் சுழற்றி ஓரத்துக்குத் தள்ளுகிறது. அதில் எழும் அழுத்தம் சுழலும் பொருளின் அடர்த்தியைப் பொறுத்தது. காற்றோ தண்ணீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு லேசு. விசிறிக்குள் குமிழி சிக்கினால் அழுத்தம் எங்கிருந்து வரும்? பம்பை நீருக்குள்ளேயே கவிழ்த்து ஆட்டுங்கள், குமிழி வெளியேறிவிடும்.

மோட்டாரே மூச்சுவிடவில்லையா? ஃப்யூஸைப் பாருங்கள். அடுத்தது, குழாயைத் திறந்ததும் பம்பை ஓடவைக்க, குழாய்த் தலைக்குள் ஒளிந்திருக்கும் மைக்ரோ சுவிட்ச். தண்ணீருக்குப் பக்கத்திலேயே மின்தொடர்பை வைத்தால் அரிக்காமல் என்ன செய்யும்!

குழாயிலுள்ள அழுத்தத்தைப் பார்த்துப் பம்பை ஓடவிட்டு நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் உள்ள வண்டியில் கதை வேறு. குழாயை மூடிய பிறகும் பம்பு விட்டுவிட்டு ஓடினால் எங்கோ கசிவு. நிற்காமலே ஓடினால், சோர்ந்த பேட்டரியால் பம்பு சுவிட்சை அணைக்கும் அழுத்தத்தை எட்டமுடியாமல் தவிக்கலாம். புதுப் பம்பு வாங்கும் முன், பம்பு ஓடும்போதே பேட்டரியின் வோல்டேஜை அளந்துவிடுங்கள்.